நாற்காலிக் காலின் சாய்வு: இரண்டு கோணத்தை ஒன்றாக்கித் துளை போடுவது

தடித்த ஒரே பலகை. அதன் அடியில் நான்கு கால்கள் துளைக்குள் இறங்கி நிற்கும். மேலே முதுகுக்குக் குச்சிகள். வின்ட்சர் நாற்காலியின் அமைப்பு இவ்வளவுதான். இங்கிலாந்தில் ஹை விக்கம் ஊரைச் சுற்றி இது பெருந்தொழிலாக நடந்த காலத்தில், சில்டர்ன் குன்றுகளின் பீச் காட்டுக்குள்ளேயே கால்களைக் கடைந்து பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். இருக்கைக்கு எல்ம் மரம். எல்மின் இழை பின்னிப் பின்னி ஓடும், அதனால் விளிம்புக்குக் கிட்டத்தில் துளை போட்டாலும் சுலபத்தில் பிளக்காது. நம் மரங்களில் வேம்புக்கும் பின்னிய இழை உண்டு. இருக்கைப் பலகை தேடும்போது நிறத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த நாற்காலியில் பலரைத் தயங்க வைப்பது கால் துளை. கால் முன்னேயோ பின்னேயோ சாய்கிறது, அதோடு பக்கவாட்டிலும் சாய்கிறது. ட்ரில்லிங் மெஷினை ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் எப்படிச் சாய்ப்பது? சாய்க்கவே வேண்டாம். எந்தக் காலும் உண்மையில் ஒரே பக்கம்தான் சாய்கிறது. முன்னிருந்து பார்க்கும்போது ஒரு கோணமும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இன்னொரு கோணமும் தெரிவது நாம் நிற்கும் இடத்தால் வருவது. கால் சாயும் அந்த ஒரே திசையைப் பலகையில் கோடாகப் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரே கோணம். அந்தக் கோட்டைப் பார்வைக்கோடு என்றும், அந்தக் கோணத்தை மொத்தச் சாய்வு என்றும் இங்கே சொல்கிறேன்.

ஓர் அளவை வைத்துப் பார்க்கலாம். இருக்கை 500 மி.மீ. அகலம், 400 மி.மீ. ஆழம், 45 மி.மீ. தடிமன். தரையிலிருந்து பலகையின் அடிப்பக்கம் வரை 390 மி.மீ. முன்கால் துளைகள் முன்விளிம்பிலிருந்தும் பக்க விளிம்பிலிருந்தும் 75 மி.மீ. உள்ளே. பின்கால் துளைகள் பின்விளிம்பிலிருந்து 75 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 220 மி.மீ. இடைவெளி. இவை எல்லாமே பலகையின் அடிப்பக்கத்து அளவுகள். முன்காலுக்கு முன்பக்கமாக 8 டிகிரி, பக்கவாட்டில் 12 டிகிரி. பின்காலுக்குப் பின்பக்கமாக 22, பக்கவாட்டில் 12.

கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு கோணங்களின் டேன் மதிப்புகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மொத்தச் சாய்வின் டேன் வந்துவிடும். பக்கச் சாய்வின் டேனை முன்பின் சாய்வின் டேனால் வகுத்தால் பார்வைக்கோடு பலகையின் முன்பின்னாக ஓடும் நடுக்கோட்டோடு செய்யும் கோணத்தின் டேன். முன்காலுக்கு மொத்தச் சாய்வு 14.3 டிகிரி, பார்வைக்கோடு 56.5 டிகிரி. பின்காலுக்கு 24.5, 27.75.

எனக்குக் கால்குலேட்டரைவிட ஒட்டுப்பலகையில் முழு அளவில் வரைவது பிடிக்கும். 390 மி.மீ. இறங்குவதற்குள் 8 டிகிரிக் கால் 55 மி.மீ. முன்னே போகும், 12 டிகிரி 83 மி.மீ. வெளியே போகும். வரைபடத்தில் துளையின் மையத்திலிருந்து 55 முன்னே, 83 வெளியே அளந்து ஒரு புள்ளி வையுங்கள். கால் தரையைத் தொடும் இடம் அது. துளை மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைக்கும் கோடுதான் பார்வைக்கோடு. அதன் நீளம் ஏறக்குறைய 100 மி.மீ. இனி ஒரு செங்கோண முக்கோணம்: உயரம் 390, அடி 100. அதன் சாய்ந்த பக்கத்துக்குச் சாய்மட்டத்தை (கட்டையில் மாட்டிய அலகை வேண்டிய கோணத்தில் நிறுத்தி இறுக்கும் கருவி) பொருத்தினால் மொத்தச் சாய்வு கிடைத்தாயிற்று. பின்காலுக்கு 158 பின்னே, 83 வெளியே. கோட்டின் நீளம் 178 மி.மீ. டிகிரி என்ற சொல்லே இல்லாமல் வேலை முடிகிறது. நான்கு பாதங்களும் எங்கே நிற்கப்போகின்றன என்பதும் அதே படத்தில் தெரிகிறது. இந்த நாற்காலியின் பின்பாதம் பலகையின் பின்விளிம்பைத் தாண்டி 83 மி.மீ. வெளியே நிற்கும். ஆள் முதுகைச் சாய்க்கும்போது நாற்காலி பின்னால் கவிழாமல் இருக்க அந்த இடம் வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. இருக்கை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் உட்கார வசதி. 400 மி.மீ. ஆழத்துக்கு 20 மி.மீ. தாழ்த்தினால் சுமார் 3 டிகிரி. நாம் துளைக்கும் கோணம் பலகையைப் பொறுத்தது, தரையைப் பொறுத்தது அல்ல. நாற்காலி பின்னால் 3 டிகிரி சாயும்போது முன்காலின் 8 டிகிரி தரைமீது 11 ஆகத் தெரியும், பின்காலின் 22 டிகிரி 19 ஆகும். கடைசியில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய கோணத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து இந்த 3 டிகிரியைக் கழித்தோ கூட்டியோதான் வரைபடத்துக்குள் போக வேண்டும்.

கோணங்களில் நம்பிக்கை வரவில்லை என்றால் பாதி அளவில் ஒரு துண்டுப் பலகை எடுத்து, நான்கு சிறு துளைகளில் கெட்டிக் கம்பியைச் செருகி வளைத்துப் பாருங்கள். எண்கள் சொல்லாததைக் கம்பி சொல்லிவிடும். பத்தடி தள்ளி நின்று, முன்னும் பக்கமும் ஒன்றாகத் தெரியும் மூலையிலிருந்து பார்க்க வேண்டும். முன்னிருந்து மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை.

இனித் துளை. பலகையில் உட்காருவதற்கான குழி செதுக்கும் முன்னரே துளைகளைப் போட்டுவிட வேண்டும். அடிப்பக்கம் அப்போது தட்டையாக இருக்கும், மட்டம் ஆடாமல் உட்காரும். மேல்பக்கம் பிட் வெளிவரும் இடத்தில் சில்லு பெயர்ந்தாலும் செதுக்கும்போது பெரும்பாலும் போய்விடும். பலகையைக் கவிழ்த்து, அடியில் ஒரு கழிவுப் பலகையை இடைவெளி இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

பார்வைக்கோட்டின்மேல் சாய்மட்டத்தின் கட்டையை வையுங்கள். அலகு கால் போகும் பக்கம், அதாவது வெளியே சாய்ந்திருக்க வேண்டும். பிட்டும் அதே போல வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும், முனை பலகையின் நடுவை நோக்கிப் போகும். அலகுக்கும் பிட்டுக்கும் இடையில் தெரியும் வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் சாய்வு சரி. திசை சரியா என்று பார்க்க, கோட்டின் நேரே நின்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்ப்பது கஷ்டம். டைல்ஸ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் லேசர் மட்டத்தைச் சற்றுத் தள்ளிப் பார்வைக்கோட்டின் நீட்சியில் நிறுத்தி, அதன் செங்குத்துக் கோடு பார்வைக்கோட்டின்மேல் விழும்படி செய்துவிட்டால் பாதிச் சுமை குறையும். சிவப்புக் கோடு பிட்டின் நடுவில் ஓடும்வரை திசை சரி. நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து சாய்வை மட்டும் கவனித்தால் போதும். லேசர் கைவசம் இல்லாதவர்கள் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்தும் இதைச் செய்யலாம்.

கையால் சுற்றித் துளைக்கும் கைப் பர்மாவுக்கு ஈடான கருவி இதற்கு இல்லை என்பது என் எண்ணம். மெதுவாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் திருத்தலாம். திருகுமுனை உள்ள பிட்டை மின்சார ட்ரில்லில் மாட்டினால் அது தானாகவே இழுத்துக்கொண்டு இறங்கும். கோணம் தவறியது தெரியும்போது பாதிப் பலகை கடந்திருக்கும். பின்கால் போல 24.5 டிகிரிச் சாய்வில் பிட்டின் ஒரு ஓரம் முதலில் மரத்தைத் தொடும், பிட் வழுக்கி நகரும். நேராக நிறுத்தி இரண்டு மூன்று மி.மீ. இறக்கி, ஓரம் பதிந்த பிறகு சாய்த்துக்கொண்டு போங்கள். வட்டத் தட்டுப் பிட் என்றால் முனை சிறியது, இப்படி ஏமாற்ற முடியாது. அதற்குக் கோணத்திலேயே துளை போட்ட வழிகாட்டிக் கட்டை ஒன்றைப் பலகையோடு இறுக்கித்தான் தொடங்க வேண்டும்.

ட்ரில் ஸ்டாண்டு இருந்தால் ஒட்டுப்பலகையில் சாய்தளம் செய்துகொள்ளலாம். அடி நீளம் 300 மி.மீ. என்றால் முன்காலுக்கு உயரம் 76 மி.மீ., பின்காலுக்கு 137 மி.மீ. கவிழ்த்த பலகையின் பார்வைக்கோடு சரிவின் நேர் ஏற்றத்தில் ஓட வேண்டும், கால் போகும் முனை மேட்டுப் பக்கம்.

எங்கே தவறும்? அதிகம் காணும் பிழை பார்வைக்கோட்டைத் தவறான கோட்டிலிருந்து அளப்பது. 56.5 டிகிரியை நடுக்கோட்டுக்குப் பதில் முன்விளிம்பிலிருந்து அளந்தால் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் இடம் மாறிவிடும். 8-க்குப் பதில் 12, 12-க்குப் பதில் 8. மொத்தச் சாய்வு அப்படியே இருப்பதால் சாய்மட்டம் எச்சரிக்காது. அடுத்தது, அடிப்பக்கத்துக்கு எடுத்த அளவை மேல்பக்கத்தில் குறித்து மேலிருந்து துளைப்பது. 45 மி.மீ. தடிமனில் முன்கால் துளை 11 மி.மீ. நகரும், பின்கால் துளை 20 மி.மீ. நகரும். அத்தனையும் அடிப்பக்கத்தில் விளிம்பை நோக்கியே போகும், மீதி மரம் குறையும்.

ஒரு டிகிரிப் பிழை பெரிய விஷயம் அல்ல. பாதத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. தள்ளும், யார் கண்ணுக்கும் தெரியாது. மூன்று டிகிரி என்றால் 20 மி.மீ.க்கு மேல், அது தெரியும். குறுக்குச் சட்டம் வைப்பதாக இருந்தால் அதன் நீளத்தை வரைபடத்திலிருந்து எடுக்காமல், கால்களைச் செருகி நிறுத்தியபின் அளந்து எடுங்கள்.

கூம்புத் துளை போடுகிறவர்களுக்குத் திருத்த இன்னொரு வாய்ப்பு உண்டு. 16 மி.மீ. நேர்த்துளை போட்டு, 6 டிகிரிக் கூம்பு வடிவக் குடைகருவியால் அடிப்பக்கத்திலிருந்து அகலப்படுத்தினால் மேலே 16, கீழே 21 மி.மீ. அளவில் வரும். கருவியைக் கடையில் தேட வேண்டியதில்லை. கெட்டி மரத்தில் கூம்பு கடைந்து, நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில் பழைய ரம்பத்தகட்டை விளிம்பு சற்றே நீட்டியபடி செருகினால் போதும். காலின் கழுந்தும், அதாவது துளைக்குள் போகும் முனையும், அதே கூம்பாக இருக்க வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே அளவுகாட்டி வைத்துக் கடையுங்கள். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கூம்புக் கழுந்து உள்ள நேரான குச்சியைத் துளையில் நட்டுச் சாய்மட்டம் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திருத்த வேண்டுமோ அந்தப் பக்கத்து மரத்தைக் குடைகருவியால் அழுத்திச் சுற்றினால் ஒன்றிரண்டு டிகிரி கூட மீட்கலாம். ஆள் உட்கார உட்கார இந்த மூட்டு இறுகும். உருளைத் துளைக்கு அந்தக் குணம் கிடையாது.

ஒட்டும் முன் கால்கள் பலகையைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த கழுந்து பின்னர் ஈரம் வாங்கி உப்பிப் பிடித்துக்கொள்ளும். ஈரக் கழுந்து சுருங்கித் தளரும். கழுந்தின் தலையில் ஆப்புக்காகப் போடும் வெட்டு இருக்கையின் இழைக்குக் குறுக்கே இருக்கட்டும். இழையோடு ஒத்துப் போனால் ஆப்பு இறங்கும்போது இருக்கையே பிளக்கும்.

காலின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்கால் சாய்வாக ஓடுவதால் பலகைக்குக் கீழே மட்டும் 429 மி.மீ. ஆகும். துளைக்குள் 50, வெட்டிச் சரிசெய்ய 25 சேர்த்தால் 504, ஆகவே 510 மி.மீ. கடைந்துகொள்ளுங்கள். எல்லாம் காய்ந்தபின் சமதளத்தில் நிறுத்தி, பாதங்களுக்கு அடியில் ஆப்பு செருகி, இருக்கை பக்கவாட்டில் மட்டமாகவும் பின்னால் 20 மி.மீ. தாழ்வாகவும் வரும்வரை சரிசெய்யுங்கள். ஒரு கட்டையின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போட்டு, கோட்டோடு அறுங்கள். அறுத்த விளிம்பைச் சுற்றிலும் 2 மி.மீ. சரித்து இழைத்துவிட்டால், தரையில் இழுக்கும்போது பாதம் சிலும்பாது.