லிஸ்ட் வரும்வரை

ஜூன் 14
ஹாக்கி அணித் தேர்வு லிஸ்ட் வரவில்லை.

ஜூன் 15
தண்ணீர் அடித்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மேல்காற்று டர்ஃபை, அந்தச் செயற்கைப் புல் தரையை, காயவைத்துவிட்டது. காய்ந்த டர்ஃபில் பந்து துள்ளும். துள்ளுகிற பந்தைப் பார்த்ததும் பையன்கள் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பார்கள்.

பதினோராம் நம்பரின் ட்ராப்பை, வரும் பந்தை ஸ்டிக்கில் வாங்கி நிறுத்துவதை, மட்டும் உட்கார்ந்து எண்ணினேன். 40 பாஸில் 23 முறை பந்து ஸ்டிக்கில் பட்டு ஒரு முழத்துக்கு மேல் விலகிப் போனது. ஸ்கூல் மேட்சில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். அவன் வேகத்துக்கு எட்டி எடுத்துவிடுவான். சீனியர் டிஃபெண்டர் அந்த ஒரு முழத்துக்காகவே காத்துக்கொண்டிருப்பான்.

வலது கையில்தான் கோளாறு. ஸ்டிக்கின் மேல் நுனியை இடது கை பிடித்திருக்க, கீழே வலது கை சும்மா தாங்கினால் போதும். அவன் வலது கையால் நெரிக்கிறான். பந்து படுகிற நேரத்தில் ஸ்டிக் கொஞ்சம் பின்னால் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். நெரித்தால் சுவரில் பட்டதுபோலத் திரும்பிவிடும்.

ஜூன் 17
மறுபடியும் ஹோபர்ட் நினைவு. ஆஸ்திரேலியாவில் இருக்கிற அந்த ஊரில் 2001 ஜூனியர் உலகக் கோப்பை ஃபைனலில் அர்ஜென்டினாவை நம் பையன்கள் 6-1 என்று அடித்தார்கள். ககன் அஜித் சிங், தீபக் தாகூர், பிரப்ஜோத், ஜுக்ராஜ். அந்த அணியை வைத்து இன்னும் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று நம்பினோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 7ஆம் இடம். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. ஜுக்ராஜுக்கு 2003 செப்டம்பரில் கார் விபத்து. அப்போது அவருக்கு 20 வயது. அவர் பெனால்டி கார்னர் அடித்த விதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை வென்ற அணி அப்படிக் கலையவில்லை. ஃபைனலில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றவர்களில் 7 பேர் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள். ஹர்மன்பிரீத், சிம்ரன்ஜித், நீலகண்ட சர்மா எல்லாரும் அந்தப் பிள்ளைகள்தான். கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங் அந்த 7 பேரில் இல்லை. நல்ல மிட்ஃபீல்டர். அவருக்கு ஆட்டம் வராமல் போகவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சீனியர் அணியில் இருக்கிற இடம் கொஞ்சம்தான்.

ஜூன் 18
பதினொன்றின் அம்மா போன் செய்தார். தீப்பெட்டி ஆபீஸ் சத்தம் பின்னால் கேட்டது. "லிஸ்ட்டு வந்துட்டா சார்?"
இல்லம்மா.

ஜூன் 20
தூக்கம் வரவில்லை. பதினொன்றின் ஆட்ட வீடியோவை மூன்றாம் முறையாகப் போட்டேன்.

15 வயதில் இவன் தொடை மற்றப் பையன்களைவிட இரண்டு மடங்கு. பந்தைத் தள்ளிவிட்டு ஓடினால் பிடிக்க ஆளில்லை. அதற்கே கைதட்டல், அதற்கே மெடல். நாங்களும் "ஓடுலே" என்று கத்தினோம். இப்போது 18. எதிரில் நிற்பவனுக்கும் அதே தொடை வந்துவிட்டது. ஓட்டத்தால் மூடிவைத்திருந்ததெல்லாம் வெளியே தெரிகிறது.

60 நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டின் ஸ்டிக்கில் பந்து இருப்பது சில நிமிடம்தான். மீதி நேரம் என்ன செய்கிறான் என்பதைத்தான் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். இவன் பாஸ் கொடுத்ததும் நிற்கிறான். வாட்ச் வைத்துப் பார்த்தேன்: 4 விநாடி, 5 விநாடி, ஒரு தடவை 7. ஆஃப்சைடே இல்லாத ஆட்டத்தில் அந்த நேரத்துக்குள் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருக்கலாம்.

நாளை முதல் மூன்று பேர், ஒரு பந்து. பாஸ் கொடுத்தவன் 5 மீட்டர் நகர்ந்த பிறகுதான் அடுத்தவன் கொடுக்கலாம். 6 நிமிடம், 2 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. கடைசிச் சுற்றில்தான் எல்லாரும் நிற்பார்கள். அதைத்தான் பார்க்கணும்.

ஜூன் 22
நான்காம் நம்பருக்கு இடுப்புவலி. யாருக்கும் தெரியாமல் தினமும் சாயங்காலம் 100 டிராக் ஃப்ளிக் அடித்திருக்கிறான்.

பெனால்டி கார்னரில் அடிக்கிற டிராக் ஃப்ளிக்கில் வலது கால் பக்கத்தில் பந்தைக் கொக்கிபோட்டு எடுத்து, இடது காலை அகலமாக ஊன்றி, அந்தக் காலையும் தாண்டி இழுத்து விடுகிறோம். இடுப்பு திரும்பி, முதுகு கடைசியாகச் சாட்டை மாதிரி வருகிறது. இடது கால் அரை அடி குறுகலாக விழுந்தால் இடுப்பு திரும்பாது, அத்தனையும் கீழ்முதுகில் ஏறும். வளரும் எலும்பு அதைத் தாங்காது. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு 30, அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

ஸ்டிக்கை வாங்கி அறையில் பூட்டிவிட்டேன். அழுதான். நாளை ஸ்கேன்.

ஜூன் 23
தூறல். பந்து வழுக்கிக்கொண்டு அழகாகப் போனது.

ஜூன் 25
பதினொன்றுக்கு ஹாஸ்டல் வாசம் இன்னும் சில வாரம்தான். லிஸ்ட்டில் பெயர் இல்லையென்றால் ஊருக்குப் போவான். அங்கே கரிசல் தரை. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் சேறு. டர்ஃபில் பந்து எந்த வேகத்தில் வரும் என்பதைக் கண் ஆறு மாதத்தில் மறந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ரயில்வே ட்ரையலுக்குப் போய் நின்றால் முதல் பாஸே காலடியில் நழுவும். 19 முதல் 23 வரைக்கும் இவர்களை வைத்துக் காக்க ஓர் இடம் வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் டர்ஃப், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு பிசியோ. இதைக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

வேலை கிடைத்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று பையன்களைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

ஜூன் 27
பதினொன்றின் ட்ராப்பில் இன்று 40-ல் 12 தான் விலகியது. வலது கை இளகிவிட்டது! சாயங்காலம் காற்றோடு சேர்த்து வைத்தேன்: 40-ல் 15.

ஸ்டிக்கைத் திருப்பி இடது பக்கம் பந்தை வாங்குகிற ரிவர்ஸ் இன்னும் மோசம். இடது தோள் திரும்பவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 28
நான்காம் நம்பர், ஸ்கேன் ரிப்போர்ட்: எலும்பில் கீறல். மூன்று மாதம்.

அம்மா மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜூன் 29
5:40. காற்று இன்னும் எழும்பவில்லை. 20 பந்து, 6 கூம்பு, இடது பக்கத்திலிருந்து பாஸ். இன்றைக்கு முழுக்க ரிவர்ஸ் ட்ராப்தான். அவன் எனக்கு முன்னாலேயே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருக்கிறான்.