குண்டூசி தெரியும் ஓவியத்தைத் தேடுங்கள்

ஓவியத்தைப் பார்த்து 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்ணுடை தைக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே செய்யும் தவறு, அழகான படமாகப் பார்த்து எடுப்பது. அழகு கிடக்கட்டும். உடை எப்படி உடம்பில் நிற்கிறது என்பது எந்தப் படத்தில் தெரிகிறதோ, அதுதான் உதவும். லண்டன் நேஷனல் கேலரியில் ராபர்ட் காம்பின் 1435 வாக்கில் வரைந்த ஒரு பெண் இருக்கிறார். முகத்தை விட்டுவிட்டுத் தலைத்துணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுக்கடுக்காக மடித்த வெள்ளைத் துணியைப் பிடித்திருப்பது குண்டூசிதான்.

முதலில் எல்லை போடுங்கள்: ஒரு வட்டாரம், 25 ஆண்டு. உதாரணமாக இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ், பிரஸ்ஸல்ஸ், டூர்னே. 1430 முதல் 1455 வரை. 'இடைக்காலம்' என்று பொதுவாகத் தேடினால் 1350இன் சட்டைக்கை நெடுகப் பித்தான் வைத்த உடையும் 1475இன் கூம்புத் தொப்பியும் ஒரே கோப்பில் வந்து விழும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் எந்தக் காலத்துப் பெண்ணும் உடுத்தாத உடை கிடைக்கும். இருபது படமாவது சேர்த்து, ஆண்டு, ஊர், கழுத்து, கை, திறப்பு, தலைத்துணி என்று அட்டவணை போடுங்கள். ஒரே பட்டறையின் நகல்கள் ஐந்து கிடைத்தாலும் கணக்கில் அது ஒன்றுதான்.

அட்டவணையில் முக்கியமான கட்டம், உடுத்தியிருப்பவர் யார் என்பது. கன்னி மரியாளின் நீல மேலங்கியை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த விலையுயர்ந்த நீலக்கல் நிறமியை அவருக்கென்று செலவழித்தார்கள், அக்காலத் தெருவில் போன பெண்ணின் உடையல்ல அது. தலைப்பாகை கட்டிய தீர்க்கதரிசினிகளும் கற்பனையே. மகதலேனா மரியாள் இரண்டும் கெட்டான்: மேலே கிடப்பது பெரும்பாலும் நாடக உடை, உள்ளே தெரியும் கிர்ட்டில் என்ற இறுக்கமான உள்ளங்கி நிஜத்துக்கு நெருக்கம். நம்பத் தகுந்தவர்கள், தேவாலயப் பீட ஓவியத்துக்குப் பணம் கொடுத்து ஓரத்தில் மண்டியிட்டிருப்பவர்கள். ஆனால் அவர்கள் உடுத்தியிருப்பது இருப்பதிலேயே நல்ல உடை என்பதை மறக்க வேண்டாம்.

வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்துப் பெண்ணைக் கர்ப்பிணி என்று நினைத்து வயிற்றுக்குத் திண்டு வைத்துத் தைப்பவர்கள் உண்டு. அவர் தரையில் புரளும் பச்சை கவுனை அள்ளி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். உட்புறம் முழுக்க மென்மயிர்த் தோல்; கீழே எட்டிப் பார்ப்பது நீல உள்கவுன். இதை நாலு மீட்டர் துணியில் முடிக்கப் பார்த்தால் அள்ளிப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

முதுகுப் பக்கம் ஓவியத்தில் அபூர்வம். அதற்கு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள பத்து வெண்கலச் சிலைகளைப் பாருங்கள்; பர்கண்டி அரச குடும்பத்து இசபெல்லா டி பூர்போனின் கல்லறையில் நின்றவை. சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு சிக்கல் உண்டு: கல்லறை 1476ஐச் சேர்ந்தது, சிலைகளோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முந்தைய கல்லறைச் சிலைகளைப் பின்பற்றியவை. உடையும் அந்தப் பழைய காலத்தது.

நிறத்தை நம்பாதீர்கள். செம்பிலிருந்து செய்த பச்சை பழுப்பாகிவிடும். சாயத்திலிருந்து எடுத்த சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகும்.

தையல் கோட்டை ஓவியர்கள் பெரும்பாலும் வரையவில்லை. அங்கே மண்ணிலிருந்து கிடைத்த துணிகள் கைகொடுக்கும். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸில் 1921இல் தோண்டியெடுத்த கம்பளி உடைகளில் முக்கோணத் துண்டுகளை எப்படிச் செருகிப் பாவாடையை விரித்தார்கள் என்று காணலாம். அந்த நுணுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்து குடியானவரின் வெட்டு புரூஜ் வணிகரின் மனைவிக்குப் பொருந்தாது.

முன்திறப்புக்கு, ஷூ கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக அல்லாமல், ஒற்றை நாடாவைச் சுருளாக ஏற்ற வேண்டும். துளைகளை இருபுறமும் நேருக்கு நேர் வைத்தால் இழுக்கும்போது ஒரு பக்கம் மேலேறிக் கழுத்து கோணிக்கொள்ளும். மேலும் கீழும் உள்ள துளைகளை மட்டும் எதிரெதிராக வைத்து, நடுவில் உள்ளவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளி வையுங்கள்.

நல்ல துணியில் கை வைக்கும் முன் பழைய போர்வையில் மாதிரி தைத்து, ஓவியத்துப் பெண் நிற்கும் அதே நிலையில் நின்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். பருத்திச் சேலைத் துணி இதற்கு ஆகாது, மடிப்புகள் பொடிப்பொடியாக விழும். ஓவியத்தில் இருப்பவை உருண்டு திரண்ட மடிப்புகள். கனத்த கம்பளியில்தான் அவை வரும்.