உதடு படாத சீவாளி

3 அக்டோபர் 2023, செவ்வாய்

பை இல்லாத பயிற்சிக் குழலோடு ஒன்றரை வருஷம் ஓட்டியாயிற்று. இன்று எங்கள் பேண்டை நடத்தும் பைப் மேஜர் உள்ளறையிலிருந்து நீளப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். திறந்தால் முழு பேக்பைப், பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்து வாத்தியம். பேண்டின் சொத்து, எனக்கு இரவல். விலகினால் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கவும் காசு வாங்குவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் சின்ன ஊர். செவ்வாய்தோறும் சர்ச் ஹாலில் கூடுவோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் ஊதலில் வால் மிதிபட்ட பூனையின் சத்தம் வந்தது. தோளில் சாய்ந்து ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் மூன்று டிரோன் குழல்களுக்கும் (இரண்டு டெனர், ஒரு பேஸ்), விரல் ஓடும் சேன்டருக்கும் ஒரே பையிலிருந்துதான் காற்று. மூச்சை இழுக்கும்போது கை பையை அழுத்த வேண்டும், ஊதும்போது தளர வேண்டும். அழுத்தம் துளி மாறினாலும் சுருதி ஆடிவிடும். நாலு நிமிஷத்தில் கண்ணில் பூச்சி பறந்தது.

நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று மனைவி கேட்கவில்லை. கதவை மட்டும் சாத்தினாள்.

15 அக்டோபர், ஞாயிறு

கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "இதென்னடா, ஒத்தையும் நாயனத்தையும் சேர்த்துக் கட்டி வச்ச மாதிரி இருக்கு?"

ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். டிரோன்தான் ஒத்து (நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல்), சேன்டர்தான் நாயனம். நம் ஊர் சதிர்க் கச்சேரியில்கூட (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) ஒரு காலத்தில் சுருதிக்குத் துத்தி என்று தோல்பை வாத்தியம் ஒன்று வாசித்தார்கள். ஆக, பை நமக்குப் புதிதில்லை.

வித்தியாசம் சீவாளியில், ஊதினால் அதிர்ந்து சத்தம் கொடுக்கும் அந்தச் சின்ன நாக்கில். நாயனக்காரருக்குச் சீவாளி உதட்டில் இருக்கிறது. அதை வைத்தே சுரத்தை வளைப்பார், அழ வைப்பார், மெல்லக் குழைப்பார். இங்கே நாணல் சீவாளி சேன்டருக்குள் ஒளிந்திருக்கிறது, உதடு படவே படாது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நடுவில் ஒரு நொடி மௌனம்கூடக் கிடையாது. இருப்பதே ஒன்பது சுரம். ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால்? நடுவே இன்னொரு சுரத்தை விரலால் சுண்டிவிட்டு வர வேண்டும். அதுதான் கிரேஸ் நோட். ஒன்றரை வருஷமாக நான் படித்ததெல்லாம் இந்தச் சுண்டலைத்தான்.

12 நவம்பர், ஞாயிறு

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறு. போர் நினைவுத் தூணுக்கு முன்னால் பைப் மேஜர் தனியாக நின்று 'ஃபிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' வாசித்தார். 1513இல் ஃபிளாடன் போரில் மாண்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்கான ஒப்பாரி அது. சாவுக்கும் நினைவஞ்சலிக்கும் தவிர அதைப் பொது இடத்தில் வாசிக்கக் கூடாது என்பது மரபு. பழகுவதென்றால் வீட்டுக்குள், பயிற்சிக் குழலில். பறை, ஒப்பாரி விஷயத்தில் எங்கள் பாட்டி போட்ட சட்டம் ஞாபகம் வந்தது: நல்ல நாளில் வாயில் வரக் கூடாது.

குளிரில் சுருதி இறங்கிக்கொண்டே போனது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

இன்று ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆறு பேர்தான் வந்தோம். டீ நேரத்தில் எழுபதைத் தாண்டிய மூத்த பைப்பர் ஒருவர், நோட்டைப் பார்க்காமல் ஒரு பீப்ராக்கை (பேக்பைப்பின் செவ்வியல் இசை) வாயாலேயே பாடிக் காட்டினார். "ஹிஹாரின்..." என்று இழுத்தார். இப்படிப் பாடுவதற்குக் கான்டரக் (canntaireachd) என்று பெயர். ஒவ்வொரு அசையிலும் சுரமும் இருக்கிறது, அலங்காரமும் இருக்கிறது. ஸ்கை தீவில் மெக்ரிமன் பரம்பரை மெக்லியோட் தலைவர்களுக்கு வாசித்த காலத்தில், பாடம் இப்படி வாய்வழியாகத்தான் நடந்தது.

நான் பதிலுக்கு 'தகதிமி தகஜுணு' சொல்லி மேஜையில் தாளம் போட்டேன். அதுவரை பேசாமல் ரப்பர் பலகையில் தட்டிக்கொண்டிருந்த டிரம் பசங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் அரை மணி நேரம் பைப் பக்கமே யாரும் போகவில்லை.

8 ஜூன், சனி

ஊர்த் திருவிழா ஊர்வலம். எனக்கு முதல் அணிவகுப்பு. பேண்டின் அலமாரியிலிருந்து கில்ட்டும் (கட்டம் போட்ட பாவாடை) கோட்டும் கொடுத்தார்கள். கோட்டின் உட்பட்டையில் பேனாவால் எழுதிய நான்கு பெயர்கள். மூன்று அடிக்கப்பட்டிருந்தன, நாலாவது மங்கிப்போயிருந்தது. அதையும் ஒரு கோடு அடித்து, கீழே என் பெயரை எழுதச் சொன்னார்கள். இடம் போதாமல் இனிஷியலோடு நிறுத்திக்கொண்டேன்.

தொடங்குவது சுலபம் மாதிரி தெரியும். டிரம்மில் இரண்டு உருட்டல், பையில் ஒரு தட்டு, டிரோன் எழ வேண்டும், உடனே எல்லா சேன்டரிலும் ஒரே 'ஈ' சுரம், அப்புறம் பாட்டு. அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். சொதப்பியது முடிவில். எல்லாரும் கை தளர்த்தி ஒரே வெட்டாக நிறுத்த, என் பையில் மிச்சமிருந்த காற்றில் பேஸ் டிரோன் மட்டும் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டே இருந்தது. புரோவோஸ்ட் (நம் ஊர் மேயர் மாதிரி) உரையைத் தொடங்கியிருந்தார். ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒரு குழந்தை சிரித்தது. பக்கத்தில் நின்ற டிரம்மர் திரும்பாமலே சொன்னாள்: "எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்."

17 ஆகஸ்ட், சனி

உலகப் பைப் பேண்ட் போட்டி, கிளாஸ்கோ கிரீன் பூங்கா. எங்கள் பேண்ட் போட்டிக்கெல்லாம் போவதில்லை. வேடிக்கை பார்க்க வேனில் வந்தோம். எங்கு திரும்பினாலும் மரத்தடியில் ஒரு பேண்ட் சுருதி சேர்க்கிறது. பைப் மேஜர் ஆள் ஆளாகப் போய் டிரோனை ஏற்றி இறக்குகிறார்.

களத்துக்கு வந்ததும் நமக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்றுவிடுகிறார்கள். நடுவர்கள் வட்டத்தைச் சுற்றி நடந்து குறிப்பெடுக்கிறார்கள். முதலில் எனக்கு இது மரியாதைக்குறைவாகப் பட்டது. ஒருவர் விரலை இன்னொருவர் பார்க்க வேண்டுமே என்று பிறகு புரிந்தது.

மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்று மூன்று வகைப் பாட்டும் ஓடின. நான் பாட்டைக் கவனிக்கவில்லை. முடிவுக்காகக் காத்திருந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட பைப்பர்கள். கதவு சாத்தியது போல ஒரே வெட்டு. மிச்சமாக ஒரு டிரோன்கூட இல்லை.

டிரம்மர் என் முழங்கையில் இடித்தாள்.