யார் கணக்கில் எழுதுவது? – டன்கிர்க் நாட்குறிப்பு

மே 26, 2024

1940ஆம் ஆண்டிலும் மே 26 ஞாயிற்றுக்கிழமைதான். ஜெர்மன் படையால் சூழப்பட்டு பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய பிரிட்டிஷ், நேச நாட்டு வீரர்களைக் கடல்வழியாக மீட்கும் 'டைனமோ நடவடிக்கை'யைத் தொடங்க அன்று மாலை 6.57 மணிக்கு உத்தரவு வந்தது. டோவர் கோட்டையின் அடியில் குடைந்த சுரங்க அறைகளில் இருந்து அதை நடத்தியவர் வைஸ் அட்மிரல் பெர்ட்ரம் ராம்சே. 45,000 பேரை மீட்டாலே பெரிது என்று நினைத்திருந்தார்கள். ஜூன் 4க்குள் 3,38,226 பேர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

சிறு படகுகளைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வானொலியில் அழைப்பு வந்தது, படகுக்காரர்கள் எல்லோரும் கரையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்பது அது. பிபிசி அறிவிப்பு வந்தது மே 14. முப்பது அடி முதல் நூறு அடி வரை நீளமுள்ள இயந்திரப் படகு வைத்திருப்பவர்கள் விவரம் தரவேண்டும் என்றுதான் அதில் இருந்தது. டன்கிர்க் என்ற பேச்சே அப்போது இல்லை. பிறகு தேம்ஸ் நதியில் கட்டிக்கிடந்த உல்லாசப் படகுகளைத் திரட்டி கழிமுகத்திலுள்ள ஷியர்னஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டியவர்கள் கடற்படையினர். உரிமையாளருக்குத் தகவல் சொல்லக்கூட நேரமில்லாமல் எடுத்துச் சென்ற படகுகளும் உண்டு.

இது தெரிந்ததும் "அப்படியானால் எல்லாம் கட்டுக்கதையா?" என்று உதறிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. படகு என்ன வேலை செய்தது என்பதையல்லவா முதலில் பார்க்கவேண்டும்?

மே 29

இன்று வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தேன். டன்கிர்க்குக்குக் கிழக்கே மாலோ, பிரே தூன், பெல்ஜிய எல்லை தாண்டி லா பான் வரை ஒரே மணல். கடற்கரையின் சரிவு மிகக் குறைவு. எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு, மார்பளவு நீர்தான். நாசகாரிப் போர்க்கப்பல்கள் கரையை நெருங்க வழியில்லை. வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கவேண்டியிருந்தது. இடையில் இருந்த அந்த நீரைக் கடக்கத்தான் படகு வேண்டும்.

துறைமுகத்தின் கிழக்கு அலைத்தடுப்புச் சுவர்தான் பெருங்கூட்டத்தைக் காப்பாற்றியது என்பது உண்மை. கப்பல் அணைவதற்காகக் கட்டிய சுவர் அல்ல அது. மேலே ஒடுக்கமான மரப் பலகை நடைபாதை. கரையில் மீட்பை மேற்பார்த்த கடற்படைக் கேப்டன் டென்னன்ட் துணிந்து அங்கே கப்பலை அணையச் சொன்னார். 2,39,000க்கும் மேற்பட்டோர் துறைமுகம் வழியாகவும், 98,000க்கும் மேற்பட்டோர் திறந்த கடற்கரையிலிருந்தும் போனதாகக் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. கரையிலிருந்து ஒருவனைப் படகில் ஏற்றிக் கப்பலில் சேர்த்தால், அவன் கப்பலின் கணக்கில் வருகிறான். விடியவிடியப் போய்வந்து நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்த படகு, இங்கிலாந்துக்குத் திரும்பும்போது பத்துப் பேரோடு வந்தால், அதன் பெயரில் அந்தப் பத்துதான். சிறு படகுகள் கொண்டுவந்தது கொஞ்சம்தானே என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

ஜூன் 1

லீ-ஆன்-ஸீக்குப் போயிருந்தேன். தேம்ஸ் கழிமுகத்தில், எசெக்ஸ் கரையில் இருக்கும் பழைய மீனவர் ஊர். மட்டி விற்கும் கொட்டகைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. நான் போனபோது நீர் வற்றியிருந்தது. படகுகள் சேற்றில் அமர்ந்திருந்தன. அந்நாளில் மட்டிப் படகு இப்படி அமர்வதற்கென்றே கட்டப்பட்டது. வற்றத்தில் மணல் திட்டில் இறங்கி நிற்கும், ஆட்கள் இறங்கி மட்டி வாரிச் சேர்ப்பார்கள், ஏற்றம் வந்ததும் மிதந்து வீடு திரும்பும். ஆழமில்லாக் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான படகு எங்கே கிடைக்கும்!

1940 மே 31 அன்று இந்த ஊரிலிருந்து ஆறு மட்டிப் படகுகள் போயின: எண்டெவர், லெட்டீஷியா, டிஃபெண்டர், ரிலையன்ஸ், ரினௌன், ரெசல்யூட். இவற்றை ஓட்டிப்போனவர்கள் ஊர் மீனவர்களே. பீரங்கிச் சத்தம் கேட்டிராதவர்கள், கடற்படைக் கட்டளைக்குப் பழகாதவர்கள். அப்படியிருந்தும் குண்டுமழையில் வரிசை குலையாமல் வேலை செய்தார்கள் என்று கடற்படை அறிக்கையே பாராட்டியிருக்கிறது.

திரும்பும் வழியில், நள்ளிரவு தாண்டி, ரினௌனின் இயந்திரம் நின்றுபோனது. முன்னால் போன லெட்டீஷியா கயிறு கொடுத்து இழுத்துவந்தது. வேலை முடிந்தது என்ற நிம்மதியில் லெட்டீஷியாவில் சிலர் படுக்கப் போயிருந்தார்கள். இரண்டு மணிக்குச் சற்று முன்பு பெரும் வெடிச்சத்தம். மரச் சிம்புகள் லெட்டீஷியாவின் தளத்தில் மழையாகக் கொட்டின. ரினௌன் கண்ணிவெடியில் மோதியிருந்தது. இருட்டில் எதுவும் தெரியவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, முழுசாக வந்தது. லீ ஊர் மீனவர் மூவரும் கடற்படை வீரர் ஒருவரும் போய்விட்டார்கள்.

அவர்களின் நினைவுச்சின்னம் மேட்டில் இருக்கும் புனித கிளெமென்ட் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வெகுநேரம் அங்கேயே நின்றேன். அந்த மீனவர் மூவரும் போரைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். இவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜூன் 4

நடவடிக்கை முடிந்த நாள். பின்வாங்கலால் போரில் வெல்ல முடியாது என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னதும் இதே நாளில்தான். கடைசிவரை அரண் காத்த பிரெஞ்சு வீரர்கள் பல்லாயிரம் பேர் அன்று கைதானார்கள். ஜெர்மன் படையை அவர்கள் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் கரையில் படகுக்கு வேலையே இருந்திருக்காது. ஆங்கிலேயர் எழுதும்போது இதை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும்.

இன்று எழுத நினைத்தது லண்டன் தீயணைப்புப் படையின் 'மாசி ஷா' பற்றி. தேம்ஸ் கரையோரத் தீயை அணைக்க 1935இல் கட்டிய படகு. நதியில் நீர் வற்றினாலும் ஓடவேண்டும் என்பதால் அதற்கு நான்கடி ஆழம்கூடத் தேவையில்லை. டன்கிர்க்கிலும் அதுவே கைகொடுத்தது. தீயணைப்பு வீரர்களே அதில் போய், கரையிலிருந்து ஐந்நூறு பேருக்கும் மேல் கப்பல்களில் ஏற்றினார்கள். தானே இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது அதில் சிறு பங்குதான்.

எல்லாம் முடிந்து ஜூன் 4 அன்று ராம்ஸ்கேட்டிலிருந்து லண்டனுக்குத் திரும்பும் வழியில், மார்கேட் அருகே எமில் தெஷாம் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவர்கள் கண்ணெதிரே வெடித்து மூழ்கியது. படகைத் திருப்பி, படுகாயமடைந்த சுமார் 40 பேரை நீரிலிருந்து தூக்கினார்கள். மருத்துவ உதவி வேண்டுமே என்று அருகில் நின்ற ஆல்பரி என்ற கடற்படைக் கப்பலில் உடனே ஒப்படைத்தார்கள். ஆக, அந்த நாற்பது பேரும் கரை சேர்ந்தது ஆல்பரியில்தான்.