கேரட் பாத்தியில் பனி எச்சரிக்கை: 'மாட்யூல் இல்லை' என்று இரண்டு முறை வந்த பிழை

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கேரட் நிலம் இருக்கிறது. மேல் பாத்திகளில் பெரிய தொந்தரவு இல்லை. ஓடையை ஒட்டிய கீழ்ப் பாத்திகளுக்குத்தான் டிசம்பர் பிறந்தால் பயம். நீர்ப்பனி போய் உறைபனி தொடங்கியதும், மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி வந்து கீழே தேங்கிவிடும். விடியும்போது தழை வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறினால் கருகும். அதற்குள் ஸ்பிரிங்க்ளர் போட்டுவிட வேண்டும். அதனால் பனிக்காலம் முழுக்க சித்தப்பா விடிகாலை மூன்று மணிக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வருவார். பனி விழும் நாளில் மட்டும் அவர் எழுந்தால் போதும் என்று ஆக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்தேன். அதிலிருந்து பாத்திக்கு இரண்டு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள். ஒன்று தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில், இன்னொன்று நாலடிக் கம்பத்தில். இரண்டு எதற்கு என்றால், நாலடி உயரத்தில் மூன்று, நான்கு டிகிரி காட்டும்போதே கீழே புல் மேல் பனி பிடித்துவிடும். தரை சூட்டை வானத்துக்கு இழந்து காற்றை விட வேகமாகக் குளிர்வதுதான் காரணம். இந்த சென்சார் மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும், என் வேலைக்கு அது போதும். டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். இது இல்லாவிட்டால் பை சென்சாரைக் கண்டுகொள்ளாது. கூடவே சிம் போட்ட யூஎஸ்பி மோடம். தரை சென்சார் 2 டிகிரிக்குக் கீழே போனால் சித்தப்பாவுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும்.

வயரிங் ஒரு மதியத்தில் முடிந்தது. நிரலைப் பைத்தானில் எழுதினேன். மாட்யூல் என்ற தனி நிரல் துண்டை நம் நிரலுக்குள் அழைப்பதுதான் இம்போர்ட். மிச்ச நாளெல்லாம் இந்த இம்போர்ட் பிழைகள்தான் தின்றன. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை வீட்டு லேப்டாப்பில் எழுதிச் சோதித்திருந்தேன், நன்றாக ஓடியது. அதே ஸ்கிரிப்டை ராஸ்பெர்ரி பையில் போட்டதும் முதல் வரியிலேயே நின்றது: 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எர்ரர், நோ மாட்யூல் நேம்ட் சீரியல்'. சரி, மோடமோடு பேசத் தேவையான சீரியல் மாட்யூல் இல்லை என்கிறது, போட்டுவிடலாம் என்று மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து 'பிப் இன்ஸ்டால் சீரியல்' கொடுத்தேன். பைத்தான் பேக்கேஜ்களை, அதாவது மாட்யூல் தொகுப்புகளை, நிறுவித் தரும் கருவியான பிப் மறுத்துவிட்டது. இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு நீளமான செய்தி வந்தது.

இது ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் 2023-ல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து இருக்கும் கட்டுப்பாடு. அதில் உள்ள பைத்தானை நம்பி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் ஓடுகின்றன. நாம் பிப் மூலம் எதையாவது மாற்றி வைத்தால் அவை கெட்டுப்போகலாம். கட்டாயப்படுத்தி நிறுவ ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதன் பெயரிலேயே 'பிரேக்' என்று எழுதியிருக்கிறது. பலர் அதையே வழியாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் ஆளில்லாமல் ஓட வேண்டிய மெஷின் இது. அதற்குப் பதில் வென்வ் என்ற தனிச் சூழலை உருவாக்க ஒரே ஒரு கட்டளைதான், பைத்தான் 3.3-லிருந்து கூடவே வருகிறது. திட்டத்துக்கென்று தனி ஃபோல்டர், தனி பைத்தான், தனி பிப். அதை உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, மறுபடி 'பிப் இன்ஸ்டால் சீரியல்' கொடுத்தேன். இறங்கியது. ஓட்டினேன்.

இப்போது பிழை மாறியது: சீரியல் மாட்யூலில் 'சீரியல்' என்ற பெயரில் எதுவும் இல்லை என்றது. இங்கேதான் ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. பிப்பில் கொடுக்கும் பெயரும் இம்போர்ட் வரியில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இம்போர்ட் செய்வது 'சீரியல்', நிறுவ வேண்டியதோ 'பைசீரியல்'. வெறும் 'சீரியல்' என்ற பெயரில் இருப்பது வேறு யாரோ வேறு வேலைக்காக எழுதிய பேக்கேஜ். 'பில்லோ' என்று நிறுவி 'பிஐஎல்' என்று இம்போர்ட் செய்வதும், 'ஓபன்சிவி-பைத்தான்' என்று நிறுவி 'சிவி2' என்று எழுதுவதும் இதே கதைதான். இரண்டு சீரியலும் ஒரே பெயருள்ள ஃபோல்டரில் போய் உட்காரும். அதனால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடாமல், பழையதை முழுக்க அகற்றிவிட்டு பைசீரியலைப் புதிதாகப் போட்டேன்.

மறுபடி அதே பிழை, எழுத்து மாறாமல்.

இனிமேல் ஊகிக்கக் கூடாது, பைத்தானையே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இம்போர்ட் வரிக்குக் கீழே ஒரே ஒரு பிரின்ட் சேர்த்தேன்: இந்த சீரியல் எந்த ஃபைலிலிருந்து வந்தது? ஃபைலிலிருந்து வரும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே 'ஃபைல்' என்று ஒரு விவரம் உண்டு, அதைக் காட்டச் சொன்னேன். வந்த பதில் என் சொந்த ஃபோல்டர். மோடம் பதில் தருகிறதா என்று பார்க்க இதற்கு நடுவில் நான் எழுதிய சின்னச் சோதனை ஃபைலுக்கு 'சீரியல்.பை' என்று பெயர் வைத்திருந்தேன்.

இம்போர்ட் என்றதும் பைத்தான் மெஷின் முழுக்கத் தேடுவதில்லை. 'ஸிஸ்.பாத்' என்ற பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும் வரிசையாகப் பார்த்து, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்டைப் பெயர் சொல்லி ஓட்டினால், அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே வரிசையில் முதல் இடம். நிறுவிய பேக்கேஜ்கள் கடைசியில்தான் வரும். அப்புறம் எப்படிப் பைசீரியலுக்கு முறை வரும்? சோதனை ஃபைலை 'மோடம்_சோதனை' என்று மாற்றினேன், உடனே ஓடியது. பைத்தான் தொகுத்து வைக்கும் கேஷ் ஃபோல்டரையும் அழிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். பைத்தான் 2 காலத்தில் தொகுத்த ஃபைல் மூல ஃபைலின் பக்கத்திலேயே கிடக்கும், அப்போது அதை அழிக்க வேண்டியிருந்தது. இப்போது மூல ஃபைல் இல்லாவிட்டால் கேஷ் ஃபோல்டரில் இருப்பதைப் பைத்தான் எடுப்பதில்லை. நான் தொடவில்லை, எந்தக் குறையும் வரவில்லை.

அன்று ராத்திரி சித்தப்பா மொபைலுக்கு 'சோதனை' என்று ஒரு எஸ்எம்எஸ் போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி, நேரம் வைத்து நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு, லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலை ஆறரைக்கு போன். "தம்பி, கீழ்ப் பாத்தி பூராவும் வெள்ளையா இருக்கு. உன் மெஷின்லேர்ந்து ஒண்ணும் வரலையேப்பா?" அவர் வழக்கம்போல மூன்று மணிக்கே போய்ப் பார்த்து, ஸ்பிரிங்க்ளரும் போட்டிருந்தார். பயிர் தப்பியது அவர் பழக்கத்தால். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. சாயங்காலம் நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன். வெப்பநிலை ஃபைலில் ஒரு வரிகூட இல்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை. பிழையைப் பார்க்கலாம் என்றால் கிரான் அதைத் திரையில் காட்டாது. மெயிலில் அனுப்பப் பார்க்கும், பையில் மெயில் அமைத்திருக்கவில்லை என்பதால் அது காணாமலே போய்விடும். கிரான் வரியின் முடிவில் எல்லா வெளியீட்டையும் பிழைகளோடு ஒரு ஃபைலில் எழுதச் சொல்லி ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வந்தது பழைய ஆள்: 'நோ மாட்யூல் நேம்ட் சீரியல்'.

இந்த முறை எதையும் நிறுவவில்லை, கேள்வியை மாற்றினேன். எந்த பைத்தான் ஓடுகிறது? 'ஸிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பிரின்ட் செய்தேன். கையால் ஓட்டியபோது வென்வுக்குள் இருக்கும் பைத்தான், கிரானில் இயங்குதளத்தின் பைத்தான். ஆக்டிவேட் என்பது நான் திறந்து வைத்த அந்த டெர்மினலுக்கு மட்டும்தான் பொருந்தும். கிரானுக்கு அது தெரிய வழியே இல்லை. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினாலும் இதே சங்கடம் வரும். கிரான் வரியில் வென்வ் ஃபோல்டருக்குள் 'பின்' என்பதில் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதினேன். அப்படி எழுதினால் ஆக்டிவேட் தேவையே இல்லை, தன் பேக்கேஜ்கள் எங்கே என்று அந்த பைத்தானுக்கே தெரியும். வெப்பநிலை எழுதும் ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுத்தேன், ஏனென்றால் கிரான் என் ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறது.

நடுவில் வரைபடம் போடலாம் என்று 'நம்பை' (NumPy) என்ற கணக்கீட்டு பேக்கேஜை நிறுவியபோது இன்னொரு பிழை வந்தது. அது மாட்யூல்நாட்ஃபவுண்ட் இல்லை, வெறும் இம்போர்ட்எர்ரர். கடைசி வரியில் 'லிப்ஓபன்பிளாஸ்' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றிருந்தது. மாட்யூல் கிடைத்துவிட்டது, அது நம்பியிருக்கும் இயங்குதள நூலகம்தான் இல்லை. அதை இயங்குதளத்தின் நிறுவல் கருவியான ஆப்டில் போட்டதும் தீர்ந்தது. பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படித்தால் இந்த வித்தியாசம் உடனே தெரிகிறது.

நான்கு நாள் கழித்து வானம் மறுபடி துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நான் மொபைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். 3.40-க்குத் தரையில் 1.9 டிகிரி, நாலடியில் 4.4. எஸ்எம்எஸ் போனதாக எனக்கும் ஒரு நகல் வந்தது. இரண்டு நிமிடத்தில் போன். "வந்துருச்சுப்பா, எறங்கிட்டேன். நீ தூங்கு." நான் எங்கே தூங்குவது? அவர் மோட்டார் போட்டுவிட்டுத் திரும்பிப் பேசும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்துக்காரர் அடுத்த வாரம் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். வென்வ் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தால் வேலைக்கு ஆகாது, பழைய பாதைகள் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அதனால் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, எந்தெந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்ற பட்டியலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். புதிய பையில் புது வென்வ் போட்டு அதிலிருந்து நிறுவப்போகிறேன்.