திருகோணமலையிலிருந்து வேல்ஸுக்கு: சர்வதேசப் பாடசாலையில் ஐ.பி. படித்த அனுபவம்

சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எங்கட பிள்ளை இங்கிலிசில சமாளிக்குமா?" என்பதுதான். சமாளிக்கும். சில மாதங்களில் காது பழகிவிடும், பிறகு நாக்கும் பழகிவிடும். வேல்ஸில் என்னை உண்மையில் திணறடித்தது வகுப்பில் ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்ட அந்த இரண்டு கேள்விகள்தான். அதற்கு எந்த ரியூசனும் என்னைத் தயார்படுத்தியிருக்கவில்லை.

நான் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் தமிழ்மொழி மூலம் படித்தவள். சாதாரண தரத்துக்குப் பிறகு யுனைடெட் வேர்ல்ட் கொலேஜ் புலமைப்பரிசில் கிடைத்து, வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் இரண்டு வருடம் ஐ.பி. (சர்வதேச பக்கலோரியா) டிப்ளோமா படித்தேன். நம்முடைய உயர் தரத்தைப் போல, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு அது. 1962இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் யுனைடெட் வேர்ல்ட் கொலேஜ் என்ற சர்வதேசப் பாடசாலைக் குடும்பத்தில் மூத்தது. இப்போது உலகம் முழுவதும் இப்படி 18 பாடசாலைகள் உள்ளன. பிள்ளைகளைத் தெரிவு செய்வது அந்தந்த நாட்டின் தேசியக் குழு. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தீர்மானிக்கப்படும் என்பதால், காசில்லை என்று ஆரம்பத்திலேயே பின்வாங்க வேண்டாம்.

கொழும்பில் நடந்த நேர்முகத்தில் பாடக் கேள்வி ஒன்றும் வரவில்லை. ஊரில் எது உன்னை உறுத்துகிறது என்று கேட்டார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம், பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் காண்பதே இல்லை என்று சொன்னேன். அதை மாற்ற நீ என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வந்தது. கடற்கரையில் சிங்களப் பிள்ளைகளோடு எல்லே விளையாடியதைத் தவிர என்னிடம் சொல்ல வேறெதுவும் இருக்கவில்லை. அதையே சொன்னேன். பெரிய சமூக சேவைக் கதைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தெரிவான பிறகு கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பிரித்தானியாவில் தங்கப் போவதால் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு, அது கொழும்பில்தான். இரவு ரயிலில் போய், வேலையை முடித்து, அடுத்த இரவு ரயிலில் திரும்புவோம். விமான ரிக்கெற்றும் குளிர் உடுப்பும் புலமைப்பரிசிலுக்குள் அடங்குமா என்பதையும் கேட்டு வையுங்கள். இப்படியான செலவுகள்தான் கடைசி நேரத்தில் வீட்டை உலுக்கும்.

ஐ.பி.யில் ஆறு பாடங்கள். மூன்றை உயர் மட்டத்திலும் மூன்றைச் சாதாரண மட்டத்திலும் எடுப்பது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி. ஒன்றை நமக்கு எப்படித் தெரியும் என்று ஆராயும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் நீள் கட்டுரைக்கும் சேர்த்து மேலும் மூன்று, ஆக மொத்தம் 45. கணிதத்திலும் இரசாயனவியலிலும் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. நம்முடைய சாதாரண தர அத்திவாரம் உறுதியானது, அதைப் பெருமையாகவே சொல்வேன். வரலாற்று வகுப்புத்தான் என்னை உலுக்கியது. முதல் நாளே ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு ஆவணங்களைத் தந்து, எதை நம்புவாய் என்று கேட்டார் ஆசிரியர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் 'சேர்' என்றே கூப்பிட்டேன். எங்கள் ஊர் ஆசிரியர்கள் குறைந்தவர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். அங்கே வகுப்பில் பதினைந்து பேர்கூட இல்லை.

நீள் கட்டுரை என்பது 4000 சொற்களுக்குள் நாமே தெரிவு செய்த ஒரு கேள்விக்கு விடை தேடி எழுதும் ஆய்வு. என் அம்மம்மா 'ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கதையை எடுத்தேன். அப்போது அவவுக்கு எட்டு வயது. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பகல் இருண்டதும், சனம் பெட்டி படுக்கையோடு ஊரை விட்டு ஓடியதும் அவவின் வாயால் கேட்டவை. சேருக்குக் கதை பிடித்தது, தலைப்புத்தான் பிடிக்கவில்லை. "1942 திருகோணமலைத் தாக்குதல் என்பது விடயம். உன் கேள்வி எங்கே?" என்றார்.

கேள்வி வர ஒரு தவணை போனது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 4இல் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு கொழும்புக்கு எச்சரிக்கை அனுப்பினார். 5ஆம் திகதி கொழும்பு தாக்கப்பட்டது. 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்களை மறுபடி கண்டதும், அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. 9ஆம் திகதி காலை துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. தப்புவதற்காக வெளியே போன பிரித்தானியரின் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலோ, காத்துக்கொள்ளத் தன்னிடம் ஒரு சண்டை விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்தும் ஏன் இழந்தார்கள்? அதுவே என் கேள்வியானது.

பிறகு லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய அறிக்கைகளைப் பார்த்தேன். அந்தத் தட்டச்சுத் தாள்களில் எங்கள் ஊரின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஊர்ச் சனத்தைப் பற்றி நான் பார்த்தவற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை. அம்மம்மாவின் வாய்மொழியை அடிக்குறிப்பில் போடலாமா என்று தயங்கியபோது சேர் சொன்னார்: "எட்டு வயதுப் பிள்ளை எதைச் சரியாகக் கண்டிருக்கும், எதைக் கண்டிருக்க முடியாது என்று நீயே எழுது." அம்மம்மாவைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டேன். "இதையெல்லாம் ஆரடி இவ்வளவு காலமும் கேட்டது?" என்றா. நான் படித்த எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு சொந்தமாக இருந்ததில்லை. வகுப்பில் இருந்த கனேடியப் பிள்ளை பேர்ச்சலின் பெயரைத் தாத்தாவிடம் கேட்டு வந்து, அவரை 'சிலோனைக் காப்பாற்றியவர்' என்று அங்கே சொல்வார்களாம் என்றாள். காப்பாற்றப்பட்ட ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெயரை எங்கள் பாடப்புத்தகம் தந்திருக்கவில்லை.

தமிழை விட வேண்டி வருமோ என்ற பயம் எனக்கிருந்தது. ஆசிரியர் இல்லாத மொழியை, பாடசாலையின் மேற்பார்வையில் தானே படிக்கும் முறை ஐ.பி.யில் உண்டு, சாதாரண மட்டத்தில் மட்டும். அப்படித்தான் தமிழ் இலக்கியம் எடுத்தேன். ஊரிலிருந்த என் தமிழ் ரீச்சர் கிழமைக்கு ஒருமுறை ஸ்கைப்பில் வருவா. தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் முதல் மொழி மட்டத்தில் எடுத்தால் இருமொழி டிப்ளோமா கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த வழியைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விடுதியில் ஓர் அறையில் நான்கு பேர், நான்கு நாடு. உலர்ந்த தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, தூளும் வெங்காயமும் தேசிக்காயும் போட்டுச் சம்பல் இடித்தால், நோர்வேக்காரி பாணோடு தின்றுவிட்டு இன்னும் கேட்பாள். கடல் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் ஊரில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. அங்கே பிரிஸ்டல் கால்வாயில் 14 மீற்றர் வரை போகும். காலையில் மதிலை அடித்த கடல் மத்தியானம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் கிடக்கும். அந்தக் கடலில் பிள்ளைகளுக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டு. அடிப்பகுதி உறுதியான, காற்றடைத்த மீட்புப் படகை 1960களில் உருவாக்கியதே இந்தக் கல்லூரிதான். கடலோரத்தில் பிறந்த நான் கடலை மறுபடி முதலிலிருந்து கற்றேன். மாசி மாதத்துக் குளிர்த் தண்ணீரை மட்டும் கடைசி வரை மன்னிக்கவில்லை.

பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வது உயர் தரத்தைப் பற்றி. இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்குப் பொது வழி உயர் தர இசட் புள்ளி. வெளிநாட்டுத் தகைமையோடு வருபவர்களுக்கான வழி மிகவும் குறுகியது. ஐ.பி.க்குப் போகும் பிள்ளை இங்குள்ள மருத்துவ பீடத்தையோ பொறியியல் பீடத்தையோ பெரும்பாலும் கைவிட்டுத்தான் போகிறது. அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மறுபக்கத்தில், யுனைடெட் வேர்ல்ட் கொலேஜ் முடித்தவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2000இல் தொடங்கிய டேவிஸ் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. என் மேற்படிப்பு அதில்தான் நடந்தது. எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை விண்ணப்பம் போடும் முன்பே அப்பாவும் நானும் இருந்து பேசினோம். டொக்டராக வர வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், இங்கேயே உயர் தரம் எழுதச் சொல்லித்தான் நான் சொல்வேன்.