பிறந்த 12 மணி நேரத்துக்குள்

கர்ப்பத்தின் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பி எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அம்மா மறுநாளே கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். மாமியார் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

கல்லீரல் மருத்துவர் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினார். சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். அதனால் ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனி. கீழாநெல்லி இந்த வைரஸை ஒழிக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை என்றார். தட்டு மறுபடி அடுக்குக்கு வந்துவிட்டது.

ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டியிருந்ததால், ஏழாம் மாதத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுத்தார்கள். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வருகிறது. கணவருக்கு நெகட்டிவ். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

பிரசவத்துக்கு வீட்டருகே ஒரு தனியார் மருத்துவமனை. இரவு பதினோரு மணிக்கு மகள் பிறந்தாள். தடுப்பூசி இருந்தது, கூடவே போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்பொருள் ஊசி) இல்லை. என் ஃபைலில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தும் யாரும் வாங்கி வைக்கவில்லை. இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். கணவர் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து, விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு வந்தார். ஒரு தொடையில் அது, மறு தொடையில் தடுப்பூசி. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கும் பாசிட்டிவ் என்றால், எட்டாம் மாதமே "மருந்து வந்துவிட்டதா?" என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளைத் தவறவிடவில்லை. ஒன்பது மாதம் முடிந்து எடுத்த சோதனையில் மகளுக்குத் தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் வந்திருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அம்மாவையும் அண்ணனையும் வற்புறுத்திச் சோதிக்க வைத்தேன். இருவருக்குமே பாசிட்டிவ். "உனக்கு நான்தான் கொடுத்தேனா?" என்று அம்மா கேட்டார். அவர் என்னைப் பெற்றபோது இந்த ஊசியெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் ஏது? இப்போது மூவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகப் போய்த்தான் கல்லீரல் ஸ்கேன் எடுத்து வருகிறோம்.